சிறைப்புறம்: தனிமைப்படுத்தப்பட்டோரும் இலக்கியமும்

தனிமைப்படுதல் தன்வினை, தனிமைப்படுத்தல் பிறவினை. பிறவினைக்கு ஏவுதற் கருத்தா ஒருவன் உண்டென்பது இலக்கணத்தின் தொடக்க வகுப்பிலேயே மாணவன் கற்கும் பாடம். மலையேறித் தவமியற்றும் துறவியின் தனிமையும், வாசலிலே காவலாளி நிற்க அறையினுள்ளே கிடப்பவனின் தனிமையும் ஒன்றல்ல. முன்னையது தேர்ந்துகொண்டது, பின்னையது சுமத்தப்பட்டது. 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய்க்கு அஞ்சி உலகம் கதவடைத்துக்கொண்ட பொழுது, இவ்விரு தனிமைகளும் நமது எழுத்துக்களிலே ஒன்றோடொன்று கலந்து குழம்பின. அக்குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

அக்காலத்திலும் அதன் பின்னரும் தமிழில் வெளிவந்த கவிதைகளைத் தொகுத்து நோக்குவோர்க்கு ஓருண்மை புலப்படும். வெறிச்சோடிய வீதி, சாளரத்திலே வந்தமரும் சிட்டுக்குருவி, ஓடிக்கொண்டேயிருக்கும் சுவர்க் கடிகாரம், கண்ணாடியிலே தெரியும் தன் முகம் ஆகிய நான்கைந்து படிமங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. மனிதன் என்றுமே தனியன், நோய் அதனை நமக்கு உணர்த்திற்று, அவ்வளவே என்பது இக்கவிதைகளின் முடிபு. உலகத்தார் அனைவரும் ஒரே ஓடத்தில் இருப்பதாகவும் இவை கூறின. இவற்றை எழுதியோரின் துயரம் பொய்யென்று கூறுவது நமது நோக்கமன்று. ஆயின், ஒரு சிலரது அனுபவத்தை மனித குலத்தின் பொது விதியாக உயர்த்தும்பொழுது, விமர்சகன் ஒரு கேள்வியைக் கேட்டேயாக வேண்டும். அந்த ஓடத்திலே துடுப்பு வலித்தவர் யார்?

இக்கேள்விக்கு விடை காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நமது பழந்தமிழ் அகப்பாடல்களிலேயே தனிமைப்படுத்தல் ஓர் இலக்கியத் துறையாக வகுக்கப்பட்டுள்ளது. அதற்கு இற்செறிப்பு என்று பெயர். தலைவியின் களவொழுக்கத்தை ஐயுற்ற தாய் அவளை வீட்டினுள்ளேயே இருத்துகின்றாள். தினைப்புனங் காத்தலும் சுனையாடலும் நின்றுபோகின்றன. நேற்றுவரை மலைச்சாரலிலே திரிந்தவள் இன்று நான்கு சுவர்களுக்குள் அகப்படுகின்றாள். இங்கே ஏவுதற் கருத்தா மறைவாக இல்லை. தாயும் தமரும், அவர்க்குப் பின்னால் ஊராரின் அலரும், அவ்வலருக்கும் பின்னால் பெண்ணின் உடலைக் குடியின் உடைமையாகக் காக்கும் சமுதாய வழக்கமும் வெளிப்படையாகவே நிற்கின்றன.

இதனினும் முக்கியமானது பிறிதொன்று. இற்செறிக்கப்பட்ட தலைவி வெறுஞ் சுவரை நோக்கிப் புலம்புவதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலிலே வகுத்த 34 உறுப்புக்களுள் கூற்றினை ஓர் உறுப்பாக எண்ணியதோடு அமையாது, கேட்போரையும் ஓர் உறுப்பாக எண்ணினார். பேசுவோர் இருந்தால் மட்டும் செய்யுள் ஆகாது. கேட்போரும் வேண்டும் என்பது அவர் கருத்து. இதன் மிகச் சிறந்த வெளிப்பாடே சிறைப்புறம் என்னும் மரபு. தலைவன் வீட்டின் எல்லைக்கு அப்பால் மறைந்து நிற்கின்றான். தோழி தலைவியிடம் பேசுவதுபோலப் பேசுகின்றாள். ஆனால் சொற்கள் சுவரைத் தாண்டி அவன் செவிக்குச் செல்கின்றன. கதவு அடைபட்டது, ஆயினும் உறவு அடைபடவில்லை. அடைப்பின் நடுவிலும் செய்தி செல்லும் வழியைக் கண்டுபிடித்தலே அப்பாடல்களின் உயிர்.

எனினும் பழமையைப் போற்றுவதோடு நின்றுவிடுதல் முற்போக்கு விமர்சனத்துக்கு அழகன்று. சுவருக்கு இப்பாலும் அப்பாலும் செய்தி கொண்டு நடப்பவள் தோழி. செவிலியின் மகளாகிய அவளுடைய தனிமை எந்தத் துறையிலும் பாடுபொருள் ஆகவில்லை. அடியோர்க்கும் வினைவலர்க்கும் உரிய காதலை ஐந்திணைக்குப் புறத்தேதான் வைக்கலாம் என்று இலக்கணமே வரையறுத்தது. தலைமக்களின் பிரிவுத்துயர் அகம் ஆயிற்று. ஏவல் செய்வோரின் பிரிவுத்துயர் புறத்தே தள்ளப்பட்டது. யாருடைய தனிமை இலக்கியமாகும் தகுதி பெறுகின்றது என்பது வர்க்கத்தைப் பொறுத்த வினா என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

இதே வினாவோடு இத்தாலிக்குச் செல்வோம். 1348ஆம் ஆண்டிலே புளோரன்ஸ் நகரைப் பெருங்கொள்ளைநோய் சூறையாடியது. அதனைப் பின்னணியாகக் கொண்டு பொக்காச்சியோ படைத்த ‘டெக்கமரன்’ என்னும் நூலில் ஏழு இளம்பெண்களும் மூன்று இளைஞரும் நகரை விட்டு நீங்கி நாட்டுப்புற மாளிகையொன்றில் தங்குகின்றனர். பத்து நாட்கள் பத்துப்பேரும் கதை சொல்ல, 100 கதைகள் பிறக்கின்றன. தனிமைக்கு மருந்து கதை, கதைக்கு வேண்டுவது கூட்டம் என்னும் உண்மையை இந்நூல் அழகாக நிறுவுகின்றது. சமயப் போர்வையைக் கிழித்து மனித வாழ்வை அதன் சதையோடும் சிரிப்போடும் காட்டிய அந்நூலின் முற்போக்குப் பாத்திரத்தை நாம் மறுப்பதற்கில்லை.

ஆயினும் அம்மாளிகையிலே பத்துப்பேர் மட்டும் இருக்கவில்லை. சமைக்கவும் படுக்கை விரிக்கவும் பரிமாறவும் வேலையாட்களும் உடன் வந்திருந்தனர். பொக்காச்சியோ அவர்களுக்குப் பெயரிட்டு, அவரவர்க்குரிய வேலையையும் பிரித்துக் கொடுக்கின்றார். ஆனால் அந்த 100 கதைகளுள் ஒன்றேனும் அவர்கள் வாயிலிருந்து வருவதில்லை. ஆறாம் நாளின் தொடக்கத்தில் லிசிஸ்கா என்னும் பணிப்பெண் சமையற்கட்டிலே ஒருவனோடு வாதிட்டு உரத்த குரலிற் பேசுகின்றாள். அதுவும் எசமானர்களின் சிரிப்புக்கு இடமாகின்றது. இன்னொன்றும் கவனத்துக்குரியது. வெளியிலிருந்து இனிய செய்தியன்றி வேறு செய்தி எதனையும் கொண்டுவரலாகாது என்று வேலையாட்களுக்குக் கட்டளை பிறப்பிக்கப்படுகின்றது. வெளியே போய் வருபவன் அவன். பிணங்களைக் கண்டு வருபவன் அவன். கண்டதைச் சொல்லும் உரிமை மட்டும் அவனுக்கு இல்லை. வசதி படைத்தோரின் மகிழ்ச்சியான தனிமை, பிறரது மௌனத்தின்மீது எழுப்பப்பட்டது என்பதை ஆசிரியர் தம்மை அறிந்தோ அறியாமலோ எழுதிவிட்டார்.

இம்மௌனம் கலைவதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் ஆயின. 1665இல் இலண்டனைத் தாக்கிய கொள்ளைநோயைப் பற்றி டானியல் டீபோ 1722இல் வெளியிட்ட நூல், ஒரு சேண வணிகனின் நாட்குறிப்புப் போல எழுதப்பட்டது. நோய் பரவிய காலத்திலே டீபோ சிறு குழந்தை. ஆகவே நூல் நேரிற் கண்ட சாட்சியன்று. கேட்டும் ஆவணங்களைப் படித்தும் புனைந்தது. ஆயினும் அதில் யதார்த்தத்தின் வலிமை உண்டு. நோயாளி ஒருவன் இருந்தால் வீடு முழுவதும் அடைக்கப்படுகின்றது. கதவிலே செஞ்சிலுவை தீட்டப்படுகின்றது. பகலுக்கொருவன், இரவுக்கொருவனாகக் காவலர் நிறுத்தப்படுகின்றனர். நோயுற்றாரோடு நோயற்றாரும் அடைபட்டுச் சாகும் இந்த ஏற்பாட்டின் கொடுமையை டீபோ விரிவாக ஆராய்கின்றார். பொது நன்மை கருதி அதனை நியாயப்படுத்தும் வாதத்தையும் எடுத்துரைக்கின்றார். அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்பதற்கான காரணங்களையும் அடுக்குகின்றார். கண்ணீர் வடிப்பதோடு நில்லாமல், அடைப்பு எவ்வாறு இயங்குகின்றது என்று பொறியைக் கழற்றிப் பார்ப்பவனைப் போலப் பார்க்கின்றார்.

அந்நூலிலே ஓர் ஓடக்காரன் வருகின்றான். தேம்ஸ் நதியிலே நங்கூரமிட்ட கப்பல்களுக்குள் செல்வக் குடும்பங்கள் தம்மைத் தாமே அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கு உணவும் செய்தியும் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொழில். அவனது மனைவியும் பிள்ளையும் நோய் கண்ட வீட்டில் இருக்கின்றனர். அவன் உள்ளே செல்வதில்லை. இரவில் தன் ஓடத்திலேயே உறங்குகின்றான். உழைத்துப் பெற்ற உணவையும் பணத்தையும் வீட்டுக்கு எட்டத்திலுள்ள ஒரு கல்லின்மீது வைத்துவிட்டு, விலகி நின்று மனைவியைக் கூவி அழைக்கின்றான். அவள் வந்து எடுத்துச் செல்கின்றாள். இருவரும் தூரத்தே நின்று பேசிக்கொள்கின்றனர்.

அகப்பாடல்களிலே சுவர்ப்புறத்தே நிற்பவன் தலைவன். இங்கே நிற்பவன் உழைப்பாளி. ஆயினும் இரண்டிடத்தும் நிகழ்வது ஒன்றே: விலகி நிற்றலும் உறவாயிருத்தலும் ஒரே செயலாகின்றன. மாளிகையில் இருந்த பத்துப்பேரின் தனிமையைச் சாத்தியமாக்கிய வேலையாள் பொக்காச்சியோவிடம் ஊமையாக இருந்தான்; டீபோவிடம் அவனே பேசுகின்றான். அதே நூலில் தச்சன் ஒருவனும் ரொட்டி சுடுவோன் ஒருவனும் பாய்மரம் தைப்போன் ஒருவனும் சேர்ந்து நகரைவிட்டு நடந்து செல்லும் கதையும் வருகின்றது. பொக்காச்சியோவின் பதின்மருக்குத் திறந்த மாளிகைக் கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. ஊர்தோறும் காவலர் வழிமறிக்கின்றனர். தப்பிச் செல்லும் சுதந்திரமும் சொத்தைப் பொறுத்ததே என்பது இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு நன்கு விளங்கும்.

கடந்த சில ஆண்டுகளில் மீண்டும் பெரிதும் படிக்கப்பட்ட நாவல் அல்பேர் கமியுவின் ‘கொள்ளைநோய்’. 1947இல் வெளிவந்த இந்நாவல் அல்ஜீரியாவின் ஓரான் துறைமுக நகரிலே நிகழ்கின்றது. 1942 நவம்பரில் நேசநாட்டுப் படைகள் வட ஆபிரிக்காவில் இறங்கிய பின்னர், பிரான்சில் இருந்த கமியு அல்ஜீரியாவில் இருந்த தம் மனைவியிடமிருந்து துண்டிக்கப்பட்டார். பிரிவின் நோவை அவர் ஏட்டிலிருந்து கற்கவில்லை. நகர வாயில்கள் மூடப்பட்டதும் மனித உறவுக்கு என்ன நேர்கின்றது என்பதை அவர் நுணுக்கமாகக் காட்டுகின்றார். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று கடிதங்கள் தடை செய்யப்படுகின்றன. தொலைபேசி அவசரத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தப்படுகின்றது. எஞ்சுவது தந்தி. ஆண்டுக்கணக்காகக் கூடி வாழ்ந்தோரின் அன்பு, தந்தியின் சில வாய்பாட்டுச் சொற்களாகத் தேய்ந்துபோகின்றது. தொடர்பு உண்டு, ஆனால் பேச்சு இல்லை. கைப்பேசித் திரையிலே வாழ்த்துப் படங்களை அனுப்பியே உறவைக் காத்ததாக எண்ணிய நமக்கு இப்பகுதி அந்நியமானதன்று.

கமியுவின் கூரிய நோக்குக்கு இன்னுமிரு சான்றுகள் தருவோம். கொத்தார் என்பவன் குற்றமொன்று செய்து பொலிசுக்கு அஞ்சி வாழ்பவன், தற்கொலைக்கும் முயன்றவன். கொள்ளைநோய் வந்ததும் அவன் மலர்ச்சியடைகின்றான். ஊரெல்லாம் இப்பொழுது தன்னைப்போலவே அஞ்சி நடுங்குவதனால் அவனுடைய தனிமை நீங்கிவிட்டது! நோய் நீங்கும்பொழுதுதான் அவனுக்குப் பித்துப் பிடிக்கின்றது. மற்றவர் நீதிபதி ஒத்தோன். விளையாட்டரங்கிலே அமைக்கப்பட்ட தடுப்பு முகாமில் அவர் அடைக்கப்படுகின்றார். இதற்கிடையில் அவருடைய மகன் இறந்துபோகின்றான். முகாமிலிருந்து விடுதலை கிடைத்த பின்னர், அங்கேயே தொண்டு செய்யத் தாமாகத் திரும்பிச் செல்ல விரும்புகின்றார். சுமத்தப்பட்ட தனிமை, பிறரோடு சேர்ந்து செய்யும் வேலையினால் தோழமையாக மாறுகின்றது. தரூ அமைக்கும் தொண்டர் படையும், தப்பியோட முயன்ற பத்திரிகையாளன் இராம்பேர் இறுதியில் நகரிலேயே தங்குவதும் இதே உண்மையையே கூறுகின்றன. கமியுவை வெறும் அவநம்பிக்கைவாதி என்று ஒதுக்கும் நண்பர்கள் இப்பகுதிகளை மீண்டும் படித்தல் நன்று.

ஆனால் அந்நாவலின் மையத்திலே ஒரு பெரும் பள்ளம் உண்டு. இராம்பேர் ஓரானுக்கு வந்ததே அரபு மக்களின் வாழ்க்கை நிலைமையைப் பற்றி எழுதுவதற்காக. முழு உண்மையையும் எழுத உமது பத்திரிகை இடந்தருமா என்று வைத்தியர் ரியூ அவனிடம் வினவுகின்றார். அவன் தயங்குகின்றான். உரையாடல் அத்தோடு முடிகின்றது. அரபு மக்களும் அத்தோடு நாவலிலிருந்து மறைந்துவிடுகின்றனர். பெயரும் குரலும் உள்ள ஓர் அரபுப் பாத்திரத்தையும் நாம் காண்பதில்லை. அரபு நாடொன்றின் நகரிலே ஆயிரக்கணக்கானோர் மடிகின்றனர். நாமறிந்து இறப்போர் யாவரும் ஐரோப்பியர். கொள்ளைநோய் வருமுன்னரே நிறத்தாலும் சட்டத்தாலும் வாழ்விடத்தாலும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களுக்கு நகர வாயில் மூடப்பட்டது புதிய அனுபவமாக இருந்திருக்குமா? இக்கேள்வியை நாவல் கேட்கவில்லை. குடியேற்ற ஆட்சி நிலைத்திருக்க, மேல்தட்டின் தனிமை மட்டும் மனித குலத்தின் தனிமையாக உருப்பெறுகின்றது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபோது, நாவல் பேசாது விட்ட பகுதியை வரலாறு எழுதி முடித்தது.

இனி நமக்கு அண்மையிலுள்ள ஒரு படைப்புக்கு வருவோம். தாகூரின் ‘டாக்கர்’, அதாவது ‘தபாற் கந்தோர்’, 1912இல் வெளிவந்த சிறு நாடகம். அமல் என்னும் சிறுவன் நோயாளி. சரற்காலத்து வெயிலும் காற்றும் ஆகாவென்று வைத்தியர் சாத்திரங்களை ஒப்புவித்துக் கதவை அடைக்கச் சொல்கின்றார். வளர்ப்புத் தந்தை மாதவ தத்தனோ அன்பினால் அதற்கு இணங்குகின்றான். இங்கே தனிமைப்படுத்துவோர் கொடியவரல்லர். சாத்திரத்தின் அதிகாரமும் பாசத்தின் அச்சமும் சேர்ந்து ஒரு குழந்தையைச் சிறைப்படுத்துகின்றன. தாகூர் இதனைத் தம் வாழ்விலேயே அறிந்தவர். இளமையில் வேலையாள் ஒருவன் தம்மைச் சுற்றி வெண்கட்டியால் வட்டமிட்டு, அதைத் தாண்டலாகாதென்று எச்சரித்துச் சென்றதையும், சாளரத்தின் வழியே குளத்தில் நீராட வருவோரைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் அவர் தமது நினைவுக் குறிப்புக்களிலே எழுதியிருக்கின்றார்.

அமலுக்கு எஞ்சியிருப்பது ஒரு சாளரம். நமது கவிஞர்களின் சாளரத்திலே குருவி வந்தமர்ந்தது. அமலின் சாளரத்திலே மனிதர் வந்து நிற்கின்றனர். தயிர்க்காரன், மணியடிக்கும் காவற்காரன், பூப்பறிக்கும் சுதா, தெருவில் விளையாடும் சிறுவர் ஆகிய அனைவரும் வேலை செய்வோர் அல்லது வேலை செய்வோரின் பிள்ளைகள். அமல் அவர்களிடம் தன் துயரத்தைக் கொட்டுவதில்லை. அவர்களது ஊர் எங்கே, ஆறு எத்தகையது, தயிரை எப்படிக் கூவி விற்பது என்று கேட்கின்றான். தயிர்க்காரனோ தயிரை இலவசமாகக் கொடுத்துவிட்டு, தயிர் விற்பதிலுள்ள இன்பத்தை இன்றுதான் உணர்ந்தேன் என்னும் மனநிலையோடு செல்கின்றான். தன் உழைப்பிலிருந்தே அந்நியப்பட்டிருந்த ஒருவனுக்கு அவ்வுழைப்பின் மாண்பை அறைக்குள் அடைபட்ட குழந்தை மீட்டுக் கொடுக்கின்றது. தொடர்பு என்பது தன்னைச் சொல்லுதல் மட்டுமன்று, பிறரைக் கேட்டலுமாகும் என்பதை இதனினும் எளிமையாகக் காட்டிய படைப்பு அரிது.

இந்நாடகத்தை ஆன்மா பரமாத்மாவை அடையும் உருவகமாக மட்டும் விளக்குவோர் உளர். அரசனின் கடிதம் வருமென்று அமல் காத்திருப்பதும், அரச வைத்தியர் வந்து கதவுகளையும் சாளரங்களையும் திறக்கச் சொல்வதும், அமல் உறங்கிவிடுவதும் அவ்விளக்கத்துக்கு இடந்தருவன என்பது உண்மையே. ஆயின் அதனோடு நிற்போர் ஊர்த் தலைவனை மறந்துவிடுகின்றனர். எழுத்தில்லாத வெற்றுத் தாளை நீட்டி, இதோ அரசனின் கடிதம் என்று நோயுற்ற குழந்தையை எள்ளி நகையாடுகின்றான் அவன். அதிகாரத்தின் சிறுமையை இத்துணைத் துல்லியமாகத் தீட்டிய கலைஞனை வெறும் அருளாளனாக்கி விடுதல் தகாது. நாடகத்தின் இறுதிச் செய்தியும் அரசனிடமிருந்து வருவதன்று. தான் மறக்கவில்லை என்று பூப்பறிக்கும் சிறுமி சுதா விட்டுச் செல்வதேயாகும்.

வரலாறு இந்நாடகத்துக்குக் கொடுத்த பொருளை எந்த உரையாசிரியரும் கொடுத்திருக்க முடியாது. நாஜிகள் வார்சா நகரில் இலட்சக்கணக்கான யூதர்களை 1940 நவம்பரில் மதிலுக்குள் அடைத்தனர். கிருமியைக் காரணங் காட்டி இனத்தை அடைக்கும் தந்திரமும் அதில் இருந்தது. நோய்த்தடைப் பிரதேசம் என்னும் போர்வை அக்கொடுமைக்குப் போர்த்தப்பட்டது. அங்கே அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்திவந்தவர் வைத்தியரும் எழுத்தாளருமான ஜானுஸ் கோர்ச்சாக். 1942 யூலை 18ஆம் நாள் அவ்வில்லத்துப் பிள்ளைகள் ‘தபாற் கந்தோர்’ நாடகத்தை நடித்தனர். நான்கு நாட்களின் பின்னர் பெரும் நாடுகடத்தல் தொடங்கியது. ஆகஸ்டு முதல் வாரத்திலே கோர்ச்சாக்கும் ஏறத்தாழ 200 பிள்ளைகளும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

பிள்ளைகள் மரணத்தை அமைதியுடன் ஏற்கப் பழகவேண்டும் என்பதற்காகவே அவர் இந்நாடகத்தைத் தேர்ந்ததாகக் கூறப்படுவதுண்டு. அக்கூற்றை மறுக்க நாம் முற்படவில்லை. எனினும் நாடகம் என்பது கூடிச் செய்யும் கலை. நடிக்க ஒருவன், பாடம் ஒப்புவிக்க உதவ ஒருவன், பார்க்கவும் கேட்கவும் பலர் வேண்டும். மதில் சூழ்ந்த, பசியால் மெலிந்த அப்பிள்ளைகள் ஒத்திகை பார்த்த நாட்களிலே தயிர்க்காரனாகவும் காவற்காரனாகவும் பூக்காரச் சிறுமியாகவும் வாழ்ந்தனர். ஒருவர் மற்றவருக்குச் சாளரமாயினர். அவர்களைத் தனித்தனிப் பிணங்களாக ஆக்குமுன் தனித்தனி எண்களாக ஆக்க விரும்பிய ஓர் அரசுக்கு எதிரே, அது சிறியதாயினும் மறுப்பே. சாவுக்கு ஆயத்தம் என்பதிலும் பார்க்க, சாகும்வரை சமுதாயமாக வாழ்தல் என்று அதனைப் பொருள்கொள்ளலே பொருத்தம் என்பது எமது துணிபு.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் நாட்டு அனுபவத்தை நோக்குவோமாக. சுமத்தப்பட்ட தனிமை 2020இல்தான் இலங்கைத் தமிழனுக்கு அறிமுகமாயிற்று என்பது வரலாறு அறியாதார் கூற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், கடல் கடக்குமுன்னரே மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டு நோய்ச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். இந்திய மண்ணிலே இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. தேயிலைக்கு வேண்டிய கைகள் நோயின்றி வந்துசேர்வதே நோக்கம். கைகளுக்குரிய மனிதரின் மனநிலையை யாரும் வினவவில்லை. பிற்காலத்தில் அதே மண்டபத்திலே போருக்கு அஞ்சி இங்கிருந்து சென்ற அகதிகளும் தங்கவைக்கப்பட்டனர். போகும்போதும் தடுப்பு, திரும்பும்போதும் தடுப்பு! வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்து ஊரடங்குச் சட்டத்திலே ஒரு தலைமுறையே வளர்ந்தது. இவ்வனுபவத்தை எழுதவேண்டியவர்கள், கொள்ளைநோய்க் காலத்திலே கதவடைப்பைப் புதுமைபோல் எழுதியது வியப்புக்குரியது.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்ட பொழுது, சாளரத்தருகே அமர்ந்து தன்னைத் தானே நோக்க வசதி பெற்றிருந்தோர் சிலரே. ஒரே லயன் அறையிலே மூன்று தலைமுறை வாழும் குடும்பத்துக்குத் தனிமை என்பது கிட்டாத பொருள். அங்கே அடைப்பின் துன்பம் தனியே இருத்தலன்று, நெருங்கி நசுங்குதல். அவ்வாண்டு அக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலே நோய் பரவியபோது, அங்கு தைத்துக்கொண்டிருந்த பெண்கள் நோயாளிகளாக மட்டுமன்றிக் குற்றவாளிகளைப் போலவும் நோக்கப்பட்டனர். 2021இல் இணையவழிப் பாடம் கேட்பதற்குக் கைப்பேசி அலை எட்டும் இடந்தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறிய மாணவரைப் பற்றிச் செய்திகள் வந்தன. கைப்பேசியே இல்லாத பிள்ளை எத்தனை உயரம் ஏறினாலும் வகுப்பை எட்ட இயலாது. இடாப்பிலே பெயர் இருந்தும் ஆண்டுக்கணக்காக ஆசிரியரின் குரலைக் கேளாத பிள்ளைகளின் தனிமைக்கு நமது கவிதைகளில் இடமில்லை.

இறந்தோரிடமிருந்தும் மக்கள் பிரிக்கப்பட்டனர். கொவிட் நோயால் இறந்தோரைத் தகனஞ் செய்தல் 2020 ஏப்ரலில் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கஞ் செய்தலும் ஏற்றதே என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், முஸ்லிம் மக்களின் வேண்டுகோள் பல மாதங்கள் புறக்கணிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அவ்விதி தளர்ந்தது. மார்ச்சு முதல் ஓட்டமாவடியிலே உடல்கள் அடக்கஞ் செய்யப்பட்டன. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரிற்று. ஒரு கைப்பிடி மண் இடும் உரிமையைக் கூட இழந்த தாய்தந்தையரின் தனிமையை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தனிமையோடு ஒரே தராசில் வைக்க எந்த விமர்சகனுக்கு மனம் வரும்? இங்கே ஏவுதற் கருத்தா நோய்க்கிருமி அன்று.

நோய்த் தடுப்பே வேண்டாமென்று நாம் வாதிடுவதாக எவரும் கருதலாகாது. தொற்றுநோயைத் தடுக்க விலகியிருத்தல் விஞ்ஞானம் கண்ட வழி. அதனைச் செய்தே ஆகவேண்டும். அதன் சுமையை எவர் சுமக்கின்றனர், எவர் சுமத்துகின்றனர், சுவரின் இருபுறத்தாரும் பேசிக்கொள்ள வழி விடப்பட்டதா என்பனவே கேள்வி. டீபோவின் ஓடக்காரன் விதியை மீறவில்லை. அவன் விலகியே நின்றான். ஆனால் கல்லின்மீது உணவு இருந்தது. காற்றிலே குரல் இருந்தது.

முற்போக்கு முகாமைச் சேர்ந்த நம்மவர் சிலர் எழுதியனவும் குறையற்றவை அல்ல என்பதையும் கூறிவைத்தல் கடன். தனிமனிதப் புலம்பலுக்கு மாற்றாக, பட்டினி கிடக்கும் ஏழை, வெறும் பானை, அழுகின்ற குழந்தை என்னும் ஆயத்தப் படிமங்களை அவர்கள் அடுக்கினர். அவ்வேழை பேசுவதில்லை, அவனுக்காகக் கவிஞரே பேசுகின்றார். பொக்காச்சியோவின் வேலையாள் ஊமையாக இருந்தமைக்கும் இவர்களது ஏழை ஊமையாக இருப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு? அமல் தயிர்க்காரனிடம் அவனது ஊரைப் பற்றிக் கேட்டதுபோல, லயன் அறையிலிருந்தவளிடமும் ஆடைத் தொழிற்சாலையிலிருந்தவளிடமும் நம்முள் எத்தனை பேர் கேட்டோம்? கேட்போரையும் செய்யுளின் உறுப்பாக எண்ணிய மொழியிலே எழுதுவோருக்கு இது பெருமை தருவதன்று.

ஆகவே தனிமையைப் பற்றிய படைப்பொன்று நம் கைக்கு வரும்பொழுது, ஆசிரியராயினும் மாணவராயினும் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இத்தனிமைக்கு ஏவுதற் கருத்தா யார்? சுவருக்கு இப்பாலும் அப்பாலும் உணவும் செய்தியும் கொண்டு நடப்பவர் யார். அவருக்குக் குரல் உண்டா? கேட்போர் யார்? இம்மூன்றையும் மறைத்துவிட்டுத் துயரத்தை மட்டும் பொதுமையாக்கும் எழுத்து, எத்துணை இனிமையாக இருப்பினும், அடைத்தவனுக்கே துணைபோகின்றது. இவ்வினாக்களுக்கு முகங்கொடுக்கும் எழுத்தோ, அடைபட்டவனின் கண்ணீரைக் குறைத்து மதிப்பிடாமலே அக்கண்ணீரின் காரணத்தையும் காட்டுகின்றது.

இன்னொரு கொள்ளைநோய் வரலாம். இன்னோர் ஊரடங்கும் வரலாம். அதற்கு முன்னர் நாம் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. அன்று வகுப்பறைக்கு வெளியே நின்றுபோன பிள்ளைகள் பலர் இன்று இளைஞர். அக்காலம் எப்படிக் கழிந்தது என்று அவர்களையே எழுதச் செய்வோம். உயர்ந்த நடை வேண்டுவதில்லை. அணி அலங்காரமும் வேண்டுவதில்லை. எழுதியதை வகுப்பிலே உரக்கப் படிக்கச் செய்வோம்; நாமும் மாணவரோடு அமர்ந்து கேட்போம். நம் காலத்துத் தனிமையின் இலக்கியம் அக்கொப்பிகளிலிருந்தே தொடங்கவேண்டும்.